துரை பங்களா வராந்தா

பல்லடத்திலிருந்து கோடை விடுமுறைக்கு மாருதி வேனில் கிளம்பிய அப்புசாமியும் சாந்தாமணியும், ஆனைமலைக் காட்டுக்குள் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பழைய எஸ்டேட் பங்களாவின் வராந்தாவில் நிற்கிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு பிரம்பு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. தறி போடுவதற்காக, மனைவியைக் கேட்காமல் அவள் வளர்த்த எருமையை அப்புசாமி விற்றதிலிருந்து அவள் அவரிடம் பேசுவதில்லை. தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. தேயிலைச் சரிவில் மஞ்சு மூட்டம் மெல்ல விலக, அதற்குள்ளிருந்தே பிறந்தவை போல யானைகள் சத்தமில்லாமல் புல்வெளியில் இறங்குகின்றன. தாயின் கால்களுக்கிடையில் ஒரு குட்டி, தும்பிக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுகிறது. சாந்தாமணி நாற்காலியைச் சுற்றி வந்து கணவரின் முழங்கையைப் பிடிக்கிறாள்.

“ஏனுங்க, அந்தக் குட்டியப் பாருங்க,” என்கிறாள் மெதுவாக.

“பாக்கறேன் அம்மணி,” என்கிறார் அப்புசாமி, அவளையே பார்த்தபடி.