ஏழாம் அத்தியாயத்தைப் படிக்காதே!

"நாளையிலேர்ந்து ஏழாம் அத்தியாயத்தை நீங்க நடத்தக் கூடாது சார்! பசங்களும் அதைப் படிக்கக் கூடாது!"

தலைமையாசிரியை மேசையைத் தட்டிச் சொன்னதும், எதிரே நின்ற தமிழாசிரியர் கையிலிருந்த நாவலைத் தூக்கிக் காட்டினார்.

"மேடம், இது சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதின சாகசக் கதை. மூணு பேர் பாழடைஞ்ச கலங்கரை விளக்கத்துக்குள்ள மாட்டிக்கிறாங்க. ஏழாம் அத்தியாயத்துல மேல யாரோ நடக்கிற சத்தம் கேக்குது. அவ்வளவுதான்."

"அந்தச் சத்தம்தான் சார் பிரச்சினை! நேத்து ஒரு தாத்தா போன் பண்ணினாரு. பேரன் அதைப் படிச்சதிலேர்ந்து பாத்ரூமுக்குக்கூடத் தனியா போக மாட்டேங்கிறானாம். போன்லயே அழுதுட்டாரு பாவம்."

"யாரோட தாத்தாவாம்?"

"பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. புகார்னு வந்துட்டா நான் சும்மா இருக்க முடியாது. புத்தகம் புத்தகமா அந்த அத்தியாயத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடிச்சு மூடிடுங்க."

தமிழாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியை விடவில்லை.

"இன்னொண்ணு. உங்க பசங்க அந்தப் புத்தகத்தைத் தொடறதே இல்லையாமே? கணக்கு சார் அந்தப் பீரியடைக் குடுங்க குடுங்கன்னு உயிரை எடுக்கிறாரு. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இதே லட்சணம்னா, வாசிப்புப் பீரியட் அவருக்குத்தான்."

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பீரியட் அது. ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு புத்தகமும் வாங்கிக் கொடுத்தாயிற்று. கதாநாயகி அறுந்துகொண்டிருக்கும் கயிற்றில் தொங்கும் கட்டத்தை, தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு அவர் நடித்தே காட்டினார். "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டான் ஒருவன். வராது என்று தெரிந்ததும், அவளைக் கயிற்றிலேயே தொங்கவிட்டுவிட்டு மொத்த வகுப்பும் கொட்டாவி விட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு! அன்று வீட்டுக்குப் போன மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது பின் அடிக்கும் வேலை வேறு. மறுநாள் ஸ்டேப்ளரும் கையுமாக வகுப்புக்குள் நுழைந்தார்.

"எல்லாரும் புத்தகத்தை எடுத்து வைங்க. ஏழாம் அத்தியாயத்தை யாரும் படிக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

பெஞ்சு பெஞ்சாகப் போய், துக்க வீட்டுக்கு வந்தவர் போன்ற முகத்தோடு, டக் டக்கென்று அடித்தார். அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

முன்பெஞ்சு வாயாடிக்கு நாக்கு அரித்தது. "அதுல அப்படி என்ன சார் இருக்கு?"

"சொல்லக் கூடாதும்மா."

"பேயா சார்?"

"பேயா இருந்தாத்தான் பரவாயில்லையே!"

வகுப்பே பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டது. கடைசி பெஞ்சு நெட்டையன் எழுந்தான். "நேரா ஏழாவதைப் படிச்சாப் புரியுமா சார்?"

"எப்படிடா புரியும்? முதல் ஆறையும் படிச்சவனுக்குத்தான் புரியும். உனக்கு ஒரு ஆபத்தும் இல்ல, நிம்மதியா தூங்கு!"

நெட்டையன் தூங்கவில்லை. அவன் மட்டுமல்ல, வகுப்பில் யாருமே தூங்கவில்லை. இடைவேளையில் விளையாட்டுத் திடல் காலியாகக் கிடந்தது. படிக்கட்டிலும் மரத்தடியிலும் கும்பல் கும்பலாக உட்கார்ந்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். மேலே நடந்தது காவல்காரனா, கடத்தல்காரனா என்று வாக்குவாதம் முற்றி, இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து புத்தகத்தை ஒருநாள் இரவல் கேட்டு ஆள் வந்தது.

மாசக் கடைசியில் தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் உள்ளே போனபோது, மேசைமேல் நாவல்கள் குவிந்து கிடந்தன.

"ஒண்ணுலயாவது பின் இருக்கா பாருங்க சார்."

"மன்னிச்சிடுங்க மேடம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்..."

"பசங்களைக் கூப்பிட்டு விசாரிச்சேன். ஏழாவது என்ன, கடைசி அத்தியாயம் வரைக்கும் கடகடன்னு சொல்றாங்க! அந்த வாயாடிப் பொண்ணு, 'ரெண்டாம் பாகம் எப்ப வாங்குவீங்க மேடம்'னு என்னையே விசாரிக்குது."

தமிழாசிரியர் குவியலிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் புரட்டினார்.

"பீரியட் உங்களுக்கே சார். கணக்கு சார்கிட்டயும் சொல்லிட்டேன். அவரும் மறுப்பு சொல்லல. ஒரு பையன்கிட்ட பிடுங்கின புத்தகத்தை மட்டும் முடிச்சுட்டுத் தரேன்னாரு."

தமிழாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பிவிட்டுத் தரையில் கால் பாவாமல் வாசல்வரை போனார்.

"ஒரு நிமிஷம் சார். அடுத்து எட்டாம் வகுப்புக்கும் ஒரு நாவல் வாங்கப் போறேன். அந்தத் தாத்தாவை மறுபடியும் போன் பண்ணச் சொல்லுங்க."

"எ... எந்தத் தாத்தா மேடம்?"

"அவருதான் சார். 'எங்க பள்ளிக்கூடத்து ஒரு ஆசிரியர் மேல இப்படிப் புகார் சொல்றீங்களே'ன்னு நான் கேட்டதும், தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருந்தவர் சட்டுனு அழுகையை நிறுத்திட்டு, 'ஒரு ஆசிரியர் இல்லம்மா, ஓர் ஆசிரியர்'னு திருத்தினாரே, அவரேதான்!"