சாத்தூர் கார்டு

மேசைக்கு அந்தப் பக்கம் பத்திரிகை ஆசிரியர் பாக்கியநாதன். ஜன்னலோரம், கதைக்குப் படம் போடும் தணிகாசலம். கதவை ஒட்டிய நாற்காலியில், தொடர்கதை எழுதும் அவர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி.

நடுவில் தபால் கூடை.

புதன்கிழமை. கொலையாளி யாரென்று ஊகித்து வாசகர்கள் எழுதும் கார்டுகளைப் படிக்கும் நாள். சரியாகச் சொன்ன பத்துப் பேரின் பெயர், தொடர்கதை முடியும் இதழில் அச்சாகும்.

சாத்தூர் வன்னியப்பெருமாளின் பெயர் ஒருமுறைகூட அச்சானதில்லை.

இதுவரை முடிந்தவை முப்பது தொடர்கள். முப்பதுக்கும் கார்டு போட்டார். முப்பதும் தப்பு.

முதல் தொடருக்கு நான்கு வாரம் ஒரு கடிதமும் வரவில்லை. நிறுத்திவிடலாம் என்றார்கள். அப்போது வந்தது அந்தக் கார்டு. பச்சை மை. 'சமையல்காரிதான் கொன்றாள். பந்தயம்.'

அந்த ஒரு கார்டைக் காட்டித்தான் எழுத்தாளர் ஐந்தாம் வாரத்தை வாங்கினார்.

அன்றைக்கு அவர் கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா. மதியச் சாப்பாட்டு நேரத்தில், வீணான செலான்களின் பின்பக்கம் எழுதுவார். விரலெல்லாம் எலுமிச்சை ஊறுகாய் வாசம்.

இப்போது பஸ் நிலையக் கடைகளில் அவர் பெயரைச் சொல்லித்தான் பத்திரிகை கேட்கிறார்கள்.

இன்று பச்சை மைக் கார்டோடு ஓர் இன்லண்ட் கடிதமும் இருந்தது. எழுதியவர் வன்னியப்பெருமாளின் மனைவி பேச்சியம்மாள்.

'இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாலு நாள் தாண்டாது என்கிறார்கள். நான் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்றே கேட்கிறார். ஒரு வரி எழுதுங்கள்.'

கதை முடிய இன்னும் இரண்டு வாரம்.

பாக்கியநாதன் கார்டைப் படித்தார். "மாட்டு டாக்டராம்! ரெண்டாவது வாரம் நாய்க்கு ஊசி போட்டுட்டுப் போனாரே, அவராம். நீங்க பேருகூட வைக்கல சார்."

"நான் மூஞ்சியே வரையல," என்றார் தணிகாசலம். "முதுகுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

எழுத்தாளர் இரண்டாவது வார இதழை எடுத்து மறுபடி படித்தார். மருந்துப் பெட்டி. காப்பி வேண்டாமென்று அவசரமாகக் கிளம்புகிறவர். மறுநாள் காலை, காயமே இல்லாத பிணம்.

எப்படி இது தனக்குத் தோன்றாமல் போயிற்று?

"சார், கடைசி அத்தியாயம் அச்சுக்குக் கம்போஸ் ஆயிடுச்சு," என்றார் பாக்கியநாதன், மெதுவாக.

"கலைச்சிடச் சொல்லுங்க."

பாக்கியநாதன் கார்டைக் கீழே வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

*அன்புள்ள வன்னியப்பெருமாள் அவர்களுக்கு,*

*கொன்றது மாட்டு டாக்டர்தான். நீங்கள் சொன்னபடியே. தயவுசெய்து இரண்டு வாரத்துக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்.*

நான்காக மடித்தார். உறையில் போட்டு ஒட்டினார். ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். தானே தபாலாபீசுக்கு நடந்தார்.

ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் இருந்த பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நாளைக்கே போயிடுமாம்மா?"

"சாத்தூர்தானே, போயிடும் சார்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மட்டும் சொல்லுங்களேன். யாரு சார் கொன்னது?"

"எனக்கே இன்னைக்குத்தாம்மா தெரிஞ்சுது."

அவள் சிரித்துக்கொண்டே உறையின் மேல் முத்திரையைக் குத்தினாள்.