மூணாவது வரிசையில் அம்மா

உங்க அம்மா படத்துக்குக் கீழே, முன்னபின்ன தெரியாத யாரோ வந்து ‘என் அம்மா’ன்னு எழுதி ஒட்டிட்டுப் போனா உங்களுக்கு எப்படி இருக்கும்?

தையல்காரிக்கு அப்படித்தான் நடந்தது.

ஊரில் மூடிக் கிடந்த நூல் ஆலையை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். பெரிசாக ஒன்றுமில்லை, நாலே அறைதான். அதில் ஒரு அறையில் சுவர் முழுக்க ஒரே புகைப்படம். ஆலையில் வேலை பார்த்த பெண்கள், மூணு வரிசையாக. யார் யார் என்று எங்கேயும் குறிப்பு இல்லை. அதனால் ஊர்க்காரர்களையே கேட்டிருந்தார்கள்: அடையாளம் தெரிந்தால் ஒரு சீட்டில் பேர் எழுதி, அந்த முகத்துக்குக் கீழே ஒட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் தையல்காரிக்கு விஷயமே தெரியும். அம்மா போய் நாலு வருஷம். சீட்டில் அம்மா பேரை அழகாக எழுதி எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

மூணாவது வரிசையில், ஓரமாக, பல் தெரியச் சிரிக்கிறாள் அம்மா. கீழே ஏற்கெனவே ஒரு சீட்டு. மற்ற சீட்டில் எல்லாம் பேர் இருக்க, இதில் மட்டும் ‘என் அம்மா’.

“நான் வீட்டுக்கு ஒரே பொண்ணு. இதை முதல்ல கிழிச்சுப் போடுங்க” என்றாள் பொறுப்பாளரிடம்.

“யார் ஒட்டினதையும் நாங்க கிழிக்கிறதில்லம்மா. ஒரே முகத்துக்கு ரெண்டு பேர் வந்தா, அந்த ரெண்டு பேரும்தான் பேசி முடிவு பண்ணணும். இங்க அதான் வழக்கம்.”

“ஆளு யாருன்னே தெரியலையே, யார்கூடப் பேசறது?”

“பஸ் கண்டக்டரம்மாதான். மத்தியானம் டிரிப்புக்கு நடுவுல ஒரு மணிக்கு வருவாங்க. படத்து முன்னாடி அஞ்சு நிமிஷம் நிப்பாங்க, போயிடுவாங்க. நாளைக்கு வாங்க, பிடிச்சிடலாம்.”

வீட்டில் சொன்னதும் கணவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“நல்லதாப் போச்சு. சண்டை போட உனக்கொரு அக்கா கிடைச்சாச்சு. இனிமே என்னை விட்டுடு.”

“விளையாடாதீங்க. ஊரு என்ன பேசும்? அம்மாவுக்கு வேற குடும்பம் இருந்துச்சுன்னுதானே?”

“உங்க அம்மா அப்படிப்பட்டவங்களா?”

“இல்ல.”

சொல்லிவிட்டாளே தவிர, மனசு அடங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எப்படி இருந்தாள் என்று இவளுக்கு என்ன தெரியும்? அம்மாவும் எதையும் வாய்விட்டுச் சொல்கிற ஆள் கிடையாது.

மறுநாள் ஒரு மணிக்குச் சரியாக வந்தாள் கண்டக்டர். தோளில் பை, கழுத்தில் விசில். தன்னைவிட ஆறேழு வயசு கூட இருக்கும் என்று கணக்குப் போட்டதும் தையல்காரிக்கு இன்னும் எரிந்தது.

“இந்தச் சீட்டு நீங்க ஒட்டினதா?”

“ஆமா.”

“இது எங்க அம்மா, போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாது. யாரைக் கேட்டு ஒட்டினீங்க?”

கண்டக்டர் பதிலுக்கு எகிறவில்லை. இவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“வாண்டு நீங்கதானா?”

தையல்காரியை அம்மா மட்டும் கூப்பிட்ட பேர் அது.

“‘வீட்ல ஒரு வாண்டு இருக்கு, தலை வாரவே விடாது’ன்னு சொல்வாங்க” என்றாள் கண்டக்டர். “ஆலையோட பின்சுவரை ஒட்டி அப்போ ஒரு அனாதை இல்லம் இருந்துச்சு. நான் அங்க வளர்ந்தவ. சுவர்ல ஒரு இடத்துல செங்கல் பெயர்ந்து ஓட்டை. ஒரு மணிச் சங்கு ஊதினா, அது வழியா ஒரு கை வரும், சாப்பாட்டு டப்பாவோட. மூணு வருஷம். நீங்க சாப்பிடலையான்னு கேட்டா, ‘மேல் அடுக்கு எனக்கு, கீழ் அடுக்கு உனக்கு’ம்பாங்க.”

“அம்மா கொண்டு போனது ஒத்தை டப்பாதான்” என்றாள் தையல்காரி, மெதுவாக. “அதுல அடுக்கே கிடையாது.”

ஆலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறப்பாள் அம்மா. ‘வயித்துக்குள்ள என்ன, அடுப்பா எரியுது?’ என்று இவளும் அப்பாவும் கேலி பண்ணாத நாள் இல்லை. அம்மாவும் வாய் நிறையச் சாப்பாட்டோடு கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

தையல்காரியின் இடுப்பிலிருந்த பிள்ளை எட்டி, கண்டக்டரின் விசிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“திடீர்னு ஒருநாள் எங்களை வேற ஊர் இல்லத்துக்கு மாத்திட்டாங்க. சொல்லிக்காமயே போயிட்டேன். வேலை கிடைச்சுத் திரும்பி வந்தா, ஆலையே இல்ல. ஓட்டை வழியா பாதி முகம்தான் தெரியும், கண்ணும் சிரிப்பும். போன மாசம் இந்தப் படத்துல அதைப் பார்த்ததும் காலு நகரல. அந்த வேகத்துல எழுதி ஒட்டிட்டேன், தப்புதான்.” சீட்டின் ஓரத்தை நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள்.

தையல்காரி அவள் கையைப் பிடித்தாள்.

“விடுங்கக்கா. எழுதினது சரிதான்.” அக்கா என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “எல்லாரையும் மாதிரி பேர் எழுதியிருந்தீங்கன்னா, நான் இப்படிக் கண்டதையும் நினைச்சுக் குழம்பியிருக்க மாட்டேன்.”

வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாளே தவிர, நகரவில்லை.

“பேரை எழுத மாட்டேன்னா இருந்தேன்? மூணு வருஷமும் அம்மான்னேதான் கூப்பிட்டேன்” என்றாள். “அவங்க பேரு என்ன, சொல்லேன்.”