சொக்கிக்கு இரண்டு ஊசி

"நான்தான் போட்டுட்டேனே! நீ எதுக்குடி மறுபடியும் ஊசி போட்ட?"

"போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

முந்தாநாள் சண்டைக்குப் பிறகு தாமோதரனும் வசுமதியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அதனால் அவர்களுடைய சர்க்கரை நோய்ப் பூனை சொக்கிக்கு இன்சுலின் இரண்டு தடவை ஏறிவிட்டது. இப்போது அது வசுமதியின் மடியில் துவண்டு கிடந்தது. டாக்டர் போனில் சொன்னபடி அதன் ஈறில் தேனைத் தடவிக்கொண்டேயிருந்தாள். ஆட்டோ இன்னும் வரவில்லை.

"நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன், அசையல. நீங்க ஏதாவது பேசுங்க, உங்க குரல் கேக்கட்டும்."

தாமோதரனுக்கு வேறெதுவும் வரவில்லை. விட்ட இடத்திலிருந்து சண்டையையே மெதுவாக ஆரம்பித்தான். அவளும் விடாமல் பதில் சொன்னாள். சொக்கியின் காது லேசாக அசைந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு பூனையை வளர்த்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்: காது அசைந்தது காற்றிலா, அவர்கள் சத்தத்திலா?