தகரச் சுவரில் ஒரு துவக்கு

நானாட்டானில், மீளக் குடியேறிய குடிசைக்குள் கூரைத் தகரத்தின் ஆணித்துளைகளால் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. ஜெகதீபன் தான் கீறிய துவக்குப் படத்தைச் சோற்றுப் பருக்கை தேய்த்துச் சுவரில் ஒட்டுகிறான். பக்கத்தில், பதினாறு வயதில் போராளி இயக்கம் பிடித்துக்கொண்டுபோய்த் திரும்பாத அண்ணனின் படம். "திரீ நாட் திரீ ரைபிள் அம்மா. மரப்பிடியின்ர வளைவைப் பாருங்கோ. இப்பத்தையத் துவக்குகள் எனக்குப் பிடிக்காது, வெறும் பிளாஸ்டிக்." தாய் மெற்றில்டா அரிசி புடைக்கும் சுளகை எறிகிறாள், அரிசி வெயில் பொட்டுகளின் மேல் சிதறுகிறது. "கிழியடா அதை!" "நூறு வருசப் பழசு. அழகுக்குத்தானே ஒட்டுறன். உங்களுக்கு ரசனையே இல்லையம்மா." "ரசனையோ?" அவள் குரலில் தகரம் அதிர்கிறது. "கொண்ணன்ர கையில ஒண்டைத் திணிச்சவங்கள். உனக்கு எது பிடிக்குமெண்டு அவனிட்ட ஆரும் கேட்டவங்களோ?"