காலை இழுக்கும் வீரன்

"இது நடையா? வழவழன்னு வழுக்கிட்டுப் போறான்! பழைய கேம்ல வீரன் இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அனிமேஷன்னா அது!" விமர்சகர் உதட்டைச் சுழித்தார்.

அந்த நடையைப் பற்றி அவர் எழுதி எழுதித்தான் அந்தப் பழைய வீடியோ கேமுக்குக் காவியம் என்ற பெயரே வந்தது. இப்போது புதுப் பதிப்புக்கும் அவர்தான் ஆலோசகர்.

படம் வரைபவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க பார்த்த எந்த கேசட்லயும் அவன் நொண்டலையே சார்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இந்தா, நான் சின்ன வயசுல விளையாடின கேசட். நடை வரலைன்னா நாளையிலேருந்து நீ வராதே."

கேசட்டைப் போட்டாள். வீரன் காலை இழுத்தான்.

"பாத்தியா? சோகம்! தோத்தவனோட சோகம்!"

அவள் கேசட்டை வெளியே எடுத்து, முனையைத் துணியால் அழுத்தித் துடைத்து, மறுபடி போட்டாள். வீரன் வழவழவென்று நடந்தான்.

"அழுக்கு சார். அதனால நடையில ஒரு படம் விட்டுப்போயிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அதுவரை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி முதலாளி எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"துடைச்சதை வெளியில சொல்லாதேம்மா. ஊரே கும்பிடறது அந்த அழுக்கைத்தான். அவனை நொண்ட விடு."

விமர்சகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"