மிச்சம் இரண்டு பேர்

டிரம்மரின் நெற்றியில் நாலு தையல். போட்டது டாக்டர், போடவைத்தது நான்.

கடைசிப் பாட்டின் உச்சத்தில் ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பினேன். உச்சம் வருவதற்கு இன்னும் நாலு தாள அடி பாக்கி இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். என் கிதாரின் தலை அவன் தலையைக் கண்டுபிடித்துவிட்டது.

மறுநாள் காலை செய்தி அனுப்பினான்: "அண்ணே, நான் விலகிக்கிறேன். மன்னிச்சுக்குங்க." அடி வாங்கியதும் அவன், மன்னிப்புக் கேட்பதும் அவன். தங்கமான பையன்.

எட்டு மாதத்தில் இது மூன்றாவது விலகல். கீபோர்டுக்காரனுக்கு முதுகுவலி. பேஸ் கிதார்க்காரனுக்குப் பிள்ளைகளின் படிப்பு. இருபத்தைந்து வருடம் ஊர் ஊராகப் போய்ப் பேர் வாங்கிய எங்கள் ராக் குழுவில் இப்போது மிச்சம் நானும், பாடுகிற என் தம்பியும்தான். வெள்ளிவிழா நிகழ்ச்சிக்கு இன்னும் ஆறே வாரம். டிக்கெட்டெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது.

ஒத்திகை அறையில் உட்கார்ந்து புது டிரம்மருக்காக ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்தான்.

"யாரும் சிக்கலையாண்ணே?"

"ஒருத்தன் வரேங்கிறான். ஹோட்டல்ல வாசிக்கிறவனாம். நம்மகிட்ட அடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, அடி வாங்கவும் தெரியணும்னு சொல்லியிருக்கேன்."

தம்பி சிரிக்கவில்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த குழுப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்துக்குப் படம் முகங்கள் மாறும். நடுவில் நான் மட்டும், முடி போனதைத் தவிர, அப்படியே.

ஆரம்பித்தவன் நானாயிற்றே. முதல் பத்து வருடத்தில் ஏழு பேரை மாற்றியிருக்கிறேன். தாளம் தப்புகிறவனிடம் தயவு பார்க்க முடியுமா? ஆனால் மரியாதையாகத்தான் அனுப்புவேன். என் செலவில் ஒரு டீ, பாதி குடித்ததும் முகத்துக்கு நேரே, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்." மிச்சப் பாதியைக் குடித்தவன் ஒருவன்கூட இல்லை.

"உண்மையைச் சொல்லுடா. ஏன் இப்படி ஒவ்வொருத்தனாக் கழண்டுக்கிறான்? உன் கோபம் தாங்காமலா?"

"பேசலாம்ண்ணே. முதல்ல டீயைக் குடி."

குடித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே ஹாரன் அடித்தது. அதே நீல வேன். கீபோர்டையும் பேஸ்காரன் பெட்டிகளையும் ஏற்றிப்போன அதே டிரைவர். இன்று டிரம்களின் முறை. கப்பை மேசையில் வைத்துவிட்டு நானும் ஒரு கை கொடுத்தேன். நான் கொடுத்த கை நழுவி, ஒரு டிரம் படியில் உருண்டு அதுவாகவே வேனுக்குப் போய்ச் சேர்ந்தது.

டிரைவர் தம்பியைப் பார்த்துக் கேட்டான். "முன்னாடி ரெண்டு பேர் சாமானையும் இறக்கினேனே, அதே மாடிதானே சார்?"

"மூணு பேரும் ஒரே மாடியிலயா?" என்றேன். "அந்த முதுகுவலிக்காரன் மாடி வேற ஏறுறானா?"

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் உள்ளே போய் மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"யோவ், அது என் தம்பியோடது. கீழ வை."

டிரைவர் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான். "ஏத்திக்குங்க" என்றான்.

பெட்டி வேனுக்குள் போயிற்று. நான் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். கப்பில் பாதி டீ இருந்தது.

"நேராச் சொல்லுடா."

"உன் தாளம் தப்ப ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சுண்ணே. உன்னைப் போன்னு சொல்ல எங்க நாலு பேர்ல ஒருத்தருக்கும் வாய் வரலை." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"குழுவை விட்டு யாரும் போகலை. உன்னைத்தான் தூக்கிட்டோம்."